கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

அனுபவமுள்ள மெக்கானிக்கைப் போனில் பிடித்து "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்குதா? என்ன சத்தம் வருது?" என்பதாகத்தான் இருக்கும். செல்ஃப் என்பது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகக் கார் வாங்கியவர்கள் இதைக் கவனிக்காமல் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுகிறார்கள். கொஞ்சநஞ்சம் இருந்த சார்ஜும் போய்விடுகிறது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். காரணம் வேறு இடத்தில் இருந்தால் சில ஆயிரம் ரூபாய் வீண்.

பெட்ரோலில் ஓடும் சாதாரணச் சிறிய காரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். டீசலுக்கும் சிஎன்ஜிக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றின் பக்கம் கையே போகக் கூடாது.

பானட்டைத் திறப்பதற்கு முன்

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கையும் அழுத்த வேண்டும். மேனுவல் கியரிலும், இப்போது வரும் பல வண்டிகளில் கிளட்ச்சை முழுதாக மிதிக்காவிட்டால் எதுவும் நடக்காது. காலுக்கடியில் தரைவிரிப்பு மடங்கிக் கிடந்து கிளட்ச் முழுதாக இறங்காமல் போவதும் உண்டு.

சாவியே திரும்பவில்லையா? ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியால் முயன்று பாருங்கள். ஸ்மார்ட் கீ என்றால் அதற்குள் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அப்படித் தீர்ந்தாலும் பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் சாவியை எங்கே பிடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இன்றே ஒருமுறை பார்த்து வைத்துவிடுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

டேஷ்போர்டு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கிறது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உள்ள கவ்விகளைக் கையால் திருகிப் பாருங்கள். அசையவே கூடாது. அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

'டக்டக்டக்டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இருக்கிறது, செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியருக்குள்தான். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லைட் எரிவதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஒரே ஒரு 'டக்', அதன்பின் மௌனம் என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். அந்த 'டக்' வரும்போது வெளிச்சம் அப்படியே மங்கி அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் நின்றால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குள் போகவே இல்லை. செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சோலனாய்டு, மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் அல்லது மோட்டாருக்குப் போகும் கேபிளில் கோளாறு. செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் பிடியால் லேசாக இரண்டு தட்டுத் தட்டினால் சில சமயம் ஒருமுறை எடுத்துக்கொடுக்கும். அப்படி எடுத்தால் வழியில் எங்கும் அணைக்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுங்கள்.

எஞ்சின் இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம், அல்லது எர்த் கேபிள் (பேட்டரி மைனஸிலிருந்து வண்டி உடம்புக்கும் எஞ்சினுக்கும் போகும் கேபிள்) சரியில்லை. 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பல்சக்கரம் எஞ்சினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலில் பிடிக்கவில்லை. அது ஒர்க்‌ஷாப் வேலை. வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அங்கே பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை.

எந்தச் சத்தமானாலும் செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சூடேறிக் காயில் கருகும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள்

காருக்கு அலங்காரம் வாங்கும் காசில் ஒரு பங்குகூட ஆகாது. சில நூறு ரூபாய்க்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. புதியவர்கள் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான் என்பேன். குமிழை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ், கறுப்பு முனை மைனஸ்.

வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறையக் காலி. பத்தில் ஒரு பங்கு வோல்ட் வித்தியாசம்கூடப் பெரிய சேதி சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரத்தில் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது. நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 9.6க்கும் கீழே சரிந்தால் பேட்டரி உள்ளே தளர்ந்துவிட்டது. சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பழைய 12.4 அப்படியே நின்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. பெல்ட் அறுந்ததா, தளர்ந்ததா என்று பாருங்கள். இந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் சிறிது தூரத்திலேயே தீர்ந்துபோகும். 15 வோல்ட்டைத் தாண்டினால் அதுவும் ஆபத்து. பேட்டரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். சில புது வண்டிகளில் கணினியே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஓடும்போது கொஞ்ச நேரம் 13க்குக் கீழே காட்டினால் பதற வேண்டாம். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "நிக்காம ஓடுது பாருங்க, ஆல்டர்னேட்டர் ஓகே" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கழற்றும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் எகிறும். அதில் எஞ்சினை இயக்கும் கணினியே பழுதாகலாம். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி

கவ்வியைச் சுற்றி வெள்ளையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், கரண்ட் போகும் வழியை அது அடைக்கிறது. இதைச் சுத்தம் செய்வது வீட்டிலேயே முடிகிற வேலை. பெரும்பாலான நம் ஊர்க் கார்களுக்கு 10 எண் ஸ்பேனர் போதும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். உலோகம் பிளஸுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் பட்டால் நொடியில் பழுத்துச் சிவக்கும், விரலோடு போகும். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். காரணம் எளிது: வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றும் ஸ்பேனர் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும். கலவை பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகக் கூடாது. துணியால் துடைத்துக் காயவைத்து, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். அந்தப் பொடியைக் கண்ணில் பட விடாதீர்கள். பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மைனஸ் கேபிளின் மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை. அது உடம்பிலும் எஞ்சினிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். துருவேறினால் நல்ல பேட்டரியும் தோற்றுப்போகும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றொன்றை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள்தான் குற்றவாளி. பேட்டரி மாற்றச் சொன்ன எத்தனையோ வண்டிகள் இந்த ஒரு போல்ட்டைச் சுத்தம் செய்ததும் ஓடியிருக்கின்றன.

ஜம்ப் ஸ்டார்ட்

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்வது. இரண்டும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிக்காரர் நல்ல மனதோடு உதவ வருவார். ஆனால் லாரி, பஸ்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதை உங்கள் காரில் கொடுத்தால் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கருகிப்போகும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் எஞ்சின், லைட், ஏசி எல்லாம் ஆஃப். பிறகு இந்த வரிசை மாறாமல்:

1. சிவப்புக் கேபிளின் ஒரு முனை, சார்ஜ் இல்லாத பேட்டரியின் பிளஸில்.
2. அதன் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸில்.
3. கறுப்புக் கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. அதன் மறுமுனை, உங்கள் வண்டி எஞ்சினில் பெயிண்ட் இல்லாத கனமான உலோகப் பகுதியில். பேட்டரியை விட்டு எட்ட.

கடைசி இணைப்பில் சிறு பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் அந்த முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டாமல் தள்ளி மாட்டுகிறோம். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

உதவும் வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உங்களுடையதை முயலுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். கடைசியில் மாட்டிய கறுப்பு முதலில் வர வேண்டும். ஜம்பர் கேபிள் வாங்கும்போது செம்புக் கம்பி தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே ரப்பர் தடித்து உள்ளே நூல் போன்ற கம்பி உள்ள மலிவுச் சரக்கு, சூடாகுமே தவிரக் கரண்ட் கொண்டுபோகாது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? மேனுவல் கியர் வண்டியில் மட்டும். சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டு, வண்டி நடைவேகத்தைத் தாண்டியதும் கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் பலிக்கும், ஏனென்றால் பெட்ரோல் பம்ப்புக்கும் கணினிக்கும் கரண்ட் வேண்டும். டேஷ்போர்டு விளக்கே எரியவில்லை என்றால் தள்ளுபவர்களின் முதுகு வலிப்பதுதான் மிச்சம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும். மேம்பாலச் சரிவிலோ போக்குவரத்து நடுவிலோ இதை முயலாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் செய்யுங்கள்.

செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பெட்ரோல் இருக்கிறதா? சிஎன்ஜி வண்டிக்காரர்கள் இதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். கேஸ் முழுதாக இருந்தும் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிடும்.

சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். இரண்டு விநாடி மெல்லிய 'ஊம்' சத்தம் கேட்க வேண்டும்; அதுதான் பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் அதற்கான ஃபியூஸையும் ரிலேயையும் (கரண்ட்டைத் திறந்து மூடும் சிறு பெட்டி போன்ற சுவிட்ச்) பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் ஒரே எண் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நான்கைந்து முறை அடித்ததில் பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல வண்டிகளில் அப்போது பெட்ரோல் வரத்து நின்று, காற்று மட்டும் போய் ஸ்பார்க் பிளக் உலரும்.

எலியை மறக்க வேண்டாம். ராத்திரியில் எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்து, ஒயரைக் கடித்து வைக்கும். நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று காலை திடீரென்று முரண்டு பிடித்தால், பானட்டைத் திறந்து புழுக்கையோ கடித்த ஒயரோ தென்படுகிறதா என்று பாருங்கள். கடிபட்ட ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஓட்டாதீர்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் முறையாக இணைத்து வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

இதற்கு ஒரே ஒரு விதிதான். சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் மேலே வந்து நீரில் மோதி, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துபோகும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கதிதான். வண்டியைக் கட்டி இழுத்துப் போகாமல், ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். நீர் வடிந்து, எட்டக்கூடிய நிலையில் இருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள். நீர்மட்டம் எதுவரை ஏறியது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் கிடைப்பது கடினம். அதற்கென்றே எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக இருக்கிறது. தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் அடுத்த புதுப்பித்தலின்போது கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

ஃபியூஸ்

பொதுவாக ஒரு பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே, இன்னொன்று எஞ்சின் பக்கம். எது எதற்கு என்று மூடியின் உட்புறத்தில் இருக்கும். நிறமே அளவைச் சொல்லும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். புதிதும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது பெரிய அளவு ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாளையோ செம்புக் கம்பியையோ சொருகுவதும் வண்டிக்குத் தீ வைக்கும் வேலை. அறுந்துபோக வேண்டிய ஃபியூஸ் அறாவிட்டால் ஒயர்தான் எரியும்.

அதே காரணத்தால்தான் வெளியில் போடும் அலங்கார லைட், கூடுதல் ஹாரன், டேஷ்கேம் எதையும் தனி ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியில் நேராக இணைக்கக் கூடாது. ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பு வந்திருந்தால் அதையே போடுங்கள். 100 வாட் பல்பு எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்வதோடு உங்கள் ஹோல்டரையும் உருக்கும்.

நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குவது

வண்டியைப் பூட்டிய பிறகும் அலாரம், கணினி, கடிகாரம் எல்லாம் சிறிது கரண்ட் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. சிறிய காரில் இருக்கும் 35 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரி அந்தக் கணக்கில் இரண்டு வாரத்தில் பாதி தீரும். டிக்கிக்குள் 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் நின்றால் நான்கு நாளுக்குள் முழுதும் காலி. கசிவை அளக்க, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய மைனஸ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருந்து படியுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும். கசிவு அதிகம் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சட்டென்று குறைகிறதோ, கோளாறு அந்த வழியில்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது, செல்ஃப் எடுத்த கரண்ட்டைக்கூடத் திருப்பித் தருமா என்பது சந்தேகம். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அதன்பின் ரிமோட் வேலை செய்யாது என்பதால் சாவியால் பூட்ட வேண்டும்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை நீர் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். ஆசிட் சேர்க்கவே வேண்டாம், வற்றுவது தண்ணீர்தான். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர் மேல் பிரஷர் பம்ப்பை நேராக அடிக்க விடாதீர்கள்.

புது பேட்டரிதான் தீர்வு என்றால்

நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று நான்கு ஆண்டு உழைத்தால் நன்றாகவே உழைத்தது. மாற்றும்போது அளவு, ஆம்பியர்-ஹவர், பிளஸ் முனை இடமா வலமா என்பது மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். முனை மாறினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வசதியுள்ள காருக்கு அதற்கென்றே வரும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை வேண்டும். சாதாரணப் பேட்டரி அங்கே சீக்கிரம் சோர்ந்துபோகும். பேட்டரி மேல் உள்ள தயாரிப்புக் குறியீட்டைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பல மாதம் கடையில் கிடந்த சரக்கை வாங்காதீர்கள். கடையிலேயே மீட்டர் வைத்து 12.5க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் விழுந்த பிறகே கிளம்புங்கள்.

பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயமும் ஆசிட்டும் மண்ணுக்கும் அதை உடைப்பவருக்கும் நஞ்சு. பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். புதிது மாட்டிய பிறகு கடிகாரம், ரேடியோ நிலையங்கள் அழிந்திருக்கும். ஒரே தட்டில் ஏறும் பவர் விண்டோவும் சில வண்டிகளில் மறந்துபோயிருக்கும். கண்ணாடியை முழுதாக ஏற்றி, பட்டனைச் சில விநாடி விடாமல் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.